பச்சை ஸ்டிக்கர் பாட்டில்

ஜனவரி 9

தம்பிக்கு,

இதைக் கடை போனில் பேச முடியாது. போன் அப்பாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சர்க்கரை அவர் பாதத்தில் உணர்ச்சியைப் பாதி எடுத்துக்கொண்டாலும் காதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அதனால்தான் கடிதம். நீயும் வீட்டுக்குப் பதில் போடாதே. பஸ் நிலையம், முன்பதிவு கவுண்டர் என்று எழுதி எனக்குப் போடு.

நேற்று ஒரு சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் வேண்டுமென்று அப்பாவின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். பாதி பொத்தான், பாதி மாத்திரை. தொண்ணூற்று நான்கு மாத்திரைகள். எல்லாம் காலையில் என் கண் முன்னால் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "போதுமா?" என்று என்னிடம் வாயைத் திறந்து காட்டியவை. கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் வேலைக்குக் கிளம்பியதும் துப்பித் துடைத்து டப்பாவில் போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் டப்பாவோடு தூக்கி எறிந்திருப்பேன். பொத்தான் பாவம் என்று விட்டேன்.

கேட்டால் வெட்கமே இல்லாமல் பதில் சொல்கிறார். "சலூன்காரன் பதினஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டான். கடைசியில கிட்னி போயித்தான் செத்தான். இலை தழைன்னா குடு, கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கிறேன். மண்ணுல முளைக்கிறது என்ன பண்ணிடும்?" அரளியும் மண்ணில்தான் முளைக்கிறது என்றேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இப்போது எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்: மாத்திரைக்காரி.

நீ அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் ஆறு வருஷமாக இலையை அரைத்து எலிக்குச் சர்க்கரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எலிக்குக் கிடைப்பதில் கொஞ்சம் அப்பாவுக்குக் கிடைக்காதா? யோசித்து எழுது. வண்டி வந்துவிட்டது, ஆட்கள் நிற்கிறார்கள்.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொத்தான் டப்பா விஷயத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். பிறகு சிரிப்பு வரவில்லை.

நீ கேட்பது நடக்காது. ஏன் என்று சொல்கிறேன். இங்கே ஐந்து கூட்டம் எலிகள். ஊசி போட்டு எல்லாவற்றுக்கும் சர்க்கரை வரவழைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டில்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை ஸ்டிக்கர். ஒன்றில் வெறும் பசைத்தண்ணீர். ஒன்றில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய மருந்து, அதாவது அப்பா துப்புகிற அதே மாத்திரை. மற்ற மூன்றிலும் எங்கள் இலைச்சாறு, மூன்று அளவுகளில். எல்லாவற்றிலும் ஒரே பசை, ஒரே பழுப்புச் சாயம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சாறு எடுப்பது நான். கலந்து ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் தலைவர் மட்டும். எந்த நிறத்தில் எது என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து மூடிவிடுவார். சோதனை முடிந்த பிறகுதான் உடைப்பார். அவருக்குப் பெயரே அரக்குதான். தெரிந்தால் நாங்கள் ஆசைப்பட்டபடி அளந்துவிடுவோமாம்.

தெரியாமலே ஆசைப்பட முடியும் என்பது அவருக்குத் தெரியவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீல எலிகளுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பச்சை எலிகளுக்கு நானூற்றிலிருந்து நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. நீலம் மாத்திரையாகத்தான் இருக்கும். பச்சை எங்கள் சாறு. எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது.

ஆனாலும் அனுப்ப முடியாது. இது மருந்தாகவில்லை இன்னும். அப்பாவிடம் மாத்திரையைச் சாப்பிடச் சொல்.

தம்பி


ஜனவரி 25

தம்பிக்கு,

வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பதினெட்டு. நேற்று எடுத்தது. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

சொல்லச் சொல்கிறாய். சொல்லாமலா இருக்கிறேன்? பொடி செய்து காபியில் கலந்தேன், கண்டுபிடித்துக் கொட்டினார். இப்போது நான் போடும் காபியையே தொடுவதில்லை, எதிர்க்கடையில் குடிக்கிறார், அங்கே மூன்று கரண்டி சர்க்கரை.

காலில் எறும்பு ஊர்கிறதாம். அந்தக் காலால் பெடல் மிதித்துத்தான் உன்னை அந்த எலிகள் வரைக்கும் அனுப்பினார். இதை நான் சொல்லிக்காட்டக் கூடாது, ஆனால் சொல்கிறேன்.

பச்சையை அனுப்பு. உன் கையால் வந்தால் குடிப்பார். விஷத்தை நீ அனுப்பினாலும் குடிப்பார், உனக்கும் தெரியும்.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

வாரக் கடைசியில் பாட்டில்களில் மிஞ்சுவதைத் தொட்டியில் ஊற்றுவது என் வேலை. உன் முதல் கடிதம் வந்ததிலிருந்தே பச்சையை மட்டும் ஊற்றவில்லை. இதைக் கொண்டுவரும் டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன், ஐஸ் வைத்திருக்கிறேன், உடனே குளிர்ப்பெட்டியில் வை. காலையில் சாப்பாட்டுக்கு முன் பத்து மில்லி. குலுக்கி ஊற்று. ஒரு மாதத்துக்கு வரும்.

வாரம் ஒரு முறை சர்க்கரை பார். யாரிடமும் சொல்லாதே. மாத்திரையை நிறுத்தாதே என்று எழுத வந்தேன், சாப்பிட்டால்தானே நிறுத்துவதற்கு.

இப்போது எனக்குள் இருப்பது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி


மார்ச் 2

என் தங்கக் கட்டித் தம்பிக்கு,

நூற்று முப்பத்திரண்டு! இரண்டு முறை எடுக்கச் சொன்னேன். டாக்டர், "இப்பவாவது மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாரே" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒரு மாத்திரைகூட இல்லை! வெறும் பச்சை!

அப்பா காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறாரோ இல்லையோ, மூடியை நீட்டிக்கொண்டு வருகிறார். எதிர்க்கடைக் காபி நின்றது. எறும்பு குறைந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லாதே என்று நீ எனக்குச் சொன்னாய், நான் அவருக்குச் சொன்னேன். என்ன பிரயோஜனம்? அளவு கொடுக்க வருகிறவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தப்பி ஓடவா முடியும்? "என் பையன் கண்டுபிடிச்சது. எலிக்குக் குடுத்தான், தேறிச்சு. அடுத்தது எனக்குத்தான் அனுப்பினான்" என்று ஆரம்பித்துவிடுகிறார். காலிப் பாட்டிலைக் கழுவி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டுப் போட்ட பொம்மையின் காலடியில் வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு குறை சொன்னார். இலை மருந்து என்றால் கசக்க வேண்டாமா? கசப்பே இல்லாமல் பசை மாதிரி வழவழவென்று இறங்குகிறதே என்றார். உன் பையன் கசப்பை எடுத்துவிட்டான், அதுதான் படிப்பு என்றேன்.

பாட்டில் முடிந்துவிட்டது. சீக்கிரம் அனுப்பு. நீ பிறந்த நாளிலிருந்து உன்மேல் இவ்வளவு பாசம் எனக்கு வந்ததில்லை.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சோதனை போன வாரம் முடிந்துவிட்டது, இனிப் பச்சை பாட்டில் கலக்க மாட்டார்கள். அதனால் நானே தயாரித்துவிட்டேன். அதே இலை, அதே சாறு, இன்னும் கெட்டியாகக் காய்ச்சியிருக்கிறேன். பெரிய பாட்டில் மூன்று அனுப்புகிறேன், மூன்று மாதம் வரும். அப்பாவுக்காகப் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார். கொஞ்சம் கசக்கும். குழம்பாமல் குடிக்கச் சொல்.

அடுத்த வாரம் அரக்கு உறையை உடைக்கிறார். எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் புதுச் சட்டை வேண்டும் என்று அப்பாவிடம் சொல். அளவு அவரிடம் இருக்கிறது.

தம்பி


மார்ச் 24

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தாயா? வாரம் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரையையும் கூடவே கொடுத்துப் பார். சாறும் மாத்திரையும் சேர்ந்தால் நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்.

சட்டை வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

என்ன கடிதம் இது, தந்தி மாதிரி? உறை உடைத்தார்களா இல்லையா? புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனவனுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? அப்பா தினமும் கேட்கிறார், நான் தினமும் கதை விடுகிறேன்.

கசப்பைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. "இப்பத்தான் மருந்து மாதிரி இருக்கு" என்கிறார். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடிக்கிறார், குடித்துவிட்டு வெற்றி பெற்றவர் மாதிரி என்னைப் பார்க்கிறார். நீ சொன்னதைச் சொன்னேன். வந்ததே கோபம். பொத்தான் டப்பாவை எடுத்து, மாத்திரைகளைப் பொறுக்கி, என் கண் முன்னால் குப்பையில் கொட்டினார். "அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். நீதான் சேத்துச் சொல்ற" என்றார்.

சர்க்கரை பார்க்கவும் வர மாட்டேன் என்கிறார். குணமானவனுக்கு எதற்குச் சோதனை என்று கேட்கிறார். கையைக் காலைக் கட்டியா இழுத்துப் போக முடியும்? எனக்கும் முன்போலப் பயம் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூற்று முப்பத்திரண்டைப் பார்த்த கண்ணுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உனக்கு உடம்பு சரியில்லையா?

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். முடிவுகளை இன்னொரு முறை சரிபார்க்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்தேன். ஐந்தாவது முறையும் வேறாக வரவில்லை. எப்படியாவது அவருக்குச் சர்க்கரை பார். பாதத்தைத் தினமும் பார். செருப்பில்லாமல் நடக்க விடாதே. கடைத் தரையில் ஊசி கிடக்கும்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு மணி வண்டி டிரைவரிடம் கொடுக்கிறேன். பதிலை அவரிடமே கொடு, தபால் வேண்டாம். போனும் வேண்டாம், வார்டு போன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் வாடைதான் வந்தது. புதுத் துணிக் கட்டு ஈரமாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்து வெயிலில் போட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் வாடை அப்பாவிடமிருந்து வருகிறது என்று தெரிந்தது. சாக்ஸைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். கத்தரிக்கோலால் வெட்டினேன். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு குண்டூசி. தலை மட்டும் வெளியே. அதோடுதான் பெடல் மிதித்திருக்கிறார். பத்து நாளாவது இருக்கும் என்கிறார் டாக்டர். அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கும் தெரியவில்லை. தினமும் பார் என்று நீ எழுதியிருந்தாய், ஒரு வாரம் பார்த்தேன், அப்புறம் பெரிய கூட்டம், லீவு நாள் வண்டிகள், விட்டுவிட்டேன்.

சர்க்கரை ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நான் நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன், முன்பு சந்தோஷத்தில் செய்த மாதிரியே.

கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார், நான்கு நாளுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குச் சம்மதத் தாளைக் கொடுத்தால் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "என் பையனுக்குச் சொல்லு. பெருசா ஒரு பாட்டில் அனுப்புவான். அதுவரைக்கும் எவனும் என் காலைத் தொடக்கூடாது." வார்டில் இருக்கிற எல்லாருக்கும் உன்னைப் பற்றித் தெரியும் இப்போது.

மருந்து குடித்தவருக்கு எப்படி ஐந்நூறு வரும்? உனக்கு என்னமோ தெரிந்திருக்கிறது. மார்ச்சிலிருந்தே உன் கடிதங்களில் தெரிகிறது. எழுது.

அக்கா


ஜூன் 4

அக்கா,

உறை மார்ச் 20ஆம் தேதி உடைந்தது. பச்சை எங்கள் சாறு இல்லை. பச்சைதான் மாத்திரை.

நீலம் எங்கள் சாறு, மூன்றில் கெட்டியானது. நானூற்றிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு இறக்கியது. மற்ற இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. அரக்கு அந்தத் தாளைப் படித்தபோது நான் புதுச் சட்டையில் முன் வரிசையில் நின்றிருந்தேன்.

ஆக அப்பாவைக் குணமாக்கியது அவர் பொத்தான் டப்பாவில் துப்பிய அதே மாத்திரை. பத்து மில்லியில் சரியாக ஒரு மாத்திரை. நான் பிறகு காய்ச்சி அனுப்பிய மூன்று பாட்டில்களும் வெறும் கசப்பு. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அக்கா. அந்த இலையை ஆறு வருஷமாக அரைக்கிறேன். அரைக்கிற நாளில் உதட்டை நக்கினாலே கசக்கும். அப்பா கசக்கவில்லை என்று சொன்னதாக நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன், பத்துத் தடவையும் சந்தோஷப்பட்டேன். இலை மாத்திரையை மிஞ்ச வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஏன் சொல்லவில்லை? முதல் வாரம் வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, அப்பா பொம்மையின் காலடியில் பாட்டிலை வைத்திருக்கிறார் என்ற நினைப்பு. மாத்திரையைக் கரைத்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாத்திரைகளை வாங்கியும் வைத்தேன். அது அவரை ஏமாற்றுவதாகும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


ஜூன் 5

திட்ட நேரமில்லை. ஒன்றே ஒன்று மட்டும். மாத்திரையை வாங்கி வைத்திருந்தாய். ஸ்டிக்கர் உன்னிடம் இருந்தது. கரைத்து அனுப்பியிருந்தால் இன்றைக்கு அப்பா கடையில் உட்கார்ந்து யாருக்காவது அளவெடுத்துக்கொண்டிருப்பார். ஏமாற்றுவதாகுமாம். மூன்று மாதம் ஏமாற்றிக்கொண்டே இருந்தாயே, அது என்ன?

சரி. நான்தான் கேட்டேன், முதலில். பச்சையை அனுப்பு என்று எழுதியது என் கை. அதை நான் மறக்கவில்லை, நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

இப்போது நான் சொல்வதை மட்டும் செய். மூன்று வரி எழுது, அவருக்கு. "அப்பா, கெட்டுப்போன கால் உடம்பில் இருக்கும்வரை இந்த மருந்து வேலை செய்யாது. காலை எடுத்த பிறகுதான் பிடிக்கும். கையெழுத்துப் போடுங்கள், புது பாட்டில் அனுப்புகிறேன்." அவ்வளவுதான். நான் சொன்னால் கேட்க மாட்டார், அவருக்கு நான் மாத்திரைக்காரி. நானே உன் கையெழுத்தில் எழுதிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து உன் எழுத்தைப் பார்த்துப் பழகியவர், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். நீ எழுது. என் கவுண்டருக்கு அனுப்பு, நான் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன். பிறகு ஊசியோ மாத்திரையோ, பச்சை பாட்டில் என்று சொல்லி ஆயுசுக்கும் நான் கொடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும்.

நாளைக்குள் வர வேண்டும். வாய்விட்டுக் கேட்கிறேன். உன் அக்கா இதுவரை உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

அக்கா


ஜூன் 6

அக்கா,

உன் மூன்று வரியை எழுதினேன். கையெழுத்துப் போட முடியவில்லை.

போதும் அக்கா. நான் சொன்ன பொய்தான் அவரைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறது. அதே கையால் இன்னொன்று எழுதினால் நான் மனுஷனே இல்லை. அவர் காலை வெட்டப்போகிறார்கள். எதற்காக என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா? என் அப்பா முட்டாள் இல்லை. உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார், என்னைத் திட்டுவார், கையெழுத்துப் போடுவார்.

அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நான்கு பக்கம். பச்சை, நீலம், உறை, நான் மறைத்தது, எலிகளை எப்படிச் சோதித்தோம், சோதனை எப்படி முடிந்தது, ஒன்றையும் விடவில்லை. உன்னிடம் கொடுத்தால் கொடுக்க மாட்டாய் என்று தெரியும். நேராக ஆஸ்பத்திரி வார்டுக்கு, அவர் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன். டிரைவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு நாள் பயணம்தான், நேரில் வந்து சொல்லியிருக்கலாம். பஸ் நிலையம் வரை போனேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. இதை எழுதி முடித்த பிறகு, மார்ச்சுக்கு அப்புறம் முதல் முறையாக நிம்மதியாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

அப்பா பத்தாம் தேதி காலையில் போய்விட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லியிருந்தால் முதல் வண்டியைப் பிடித்து வந்து நின்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குத்தான் உண்மை பிடிக்குமே.

ஏழாம் தேதி உன் கடிதம் வந்தபோது நான் கவுண்டரில் இருந்தேன், உன் மூன்று வரிக்காக ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த வண்டி ஒன்றில்தான் உன் நான்கு பக்கமும் என்னைக் கடந்து போயிருக்கிறது. எனக்கு எழுதியது பிறகுதான் கைக்கு வந்தது. மதியம் வார்டுக்குப் போனால் அப்பா கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது. "இவனுக்கு ரெண்டாம் வகுப்புலேர்ந்தே கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார். கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "பச்சை பாட்டில் மாத்திரைதானாம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சிரித்தார். நான் மனசுக்குள் உனக்கு நன்றி சொன்னேன், நீ சொன்னதுதான் சரி, புரிந்துகொண்டுவிட்டார் என்று. தாளை எடுத்து வர ஓடினேன்.

டாக்டர் அம்மா பேனாவைக் கொடுத்தார். அப்பா வாங்கினார். கையில் வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: "எலிங்களுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு தெரியுமாம்மா உங்களுக்கு? எல்லாத்தையும் கொன்னு, அறுத்துப் பாத்தாங்களாம். பச்சை, நீலம், எந்தக் கலரா இருந்தாலும்." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்பா பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "போதும். என்னை வெச்சு இனிமே யாரும் எதையும் பாக்க வேணாம்."

நான் காலில் விழுந்தேன், நல்ல காலில். தப்பு என்னுடையது, நான்தான் அனுப்பச் சொன்னேன் என்றேன். என் தலையைத் தொட்டார். "நீ மாத்திரை குடுத்த. உன்மேல தப்பில்ல. அவன் மேலயும் தப்பில்ல. எலிதான் கொஞ்சம் அதிகமா நம்பிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு மருந்து, ஊசி எதையும் வாங்கவில்லை. என் கையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்தார். எட்டாம் தேதி மாலையிலிருந்து பேச்சு இல்லை. ஒன்பதாம் தேதி யாரையோ அளவெடுக்கிற மாதிரி கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உன்னிடம் ஒரு பொய் கேட்டேன். ஒரே ஒரு பொய். பச்சை பாட்டில் இருந்தவரைக்கும் அவர் வாழ ஆசைப்பட்டார், அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு அவரை இந்தப் பக்கம் இழுத்துவிடலாம் என்று பார்த்தேன். உனக்கு நிம்மதி வேண்டியிருந்தது. எனக்கு அப்பா வேண்டியிருந்தார்.

கையெழுத்து இல்லாத தாளை ஆஸ்பத்திரியில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உன் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அக்கா